8 ஜிபி ரேம்ல கேம் திக்குது: இன்னொரு ஸ்டிக் போதுமா, மொத்தமா மாத்தணுமா?

பிக்சல்பையன்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பெட்டி விவரம்: ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி, டிடிஆர்4 ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக். கேம் எல்லாம் சாட்டா எஸ்எஸ்டில இருக்கு. 1080பி மானிட்டர்.

ஓப்பன் வேர்ல்டு கேம்ல காட்டுப் பக்கம் சுத்துறப்ப 70 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 70 ஃபிரேம்), வழுக்கிட்டுப் போகுது. ஊருக்குள்ள நுழைஞ்சா போதும், திக்கித் திக்கி நிக்குது. சண்டை நடுவுல படம் அப்படியே உறையுது, தெளிஞ்சு பாத்தா நான் செத்துக் கிடக்கேன்.

கூட விளையாடுற ஒருத்தர் "32 ஜிபி போடு, எஃப்பிஎஸ் ரெண்டு மடங்காயிடும்"ங்கறார். இன்னொருத்தர் 3600 ஸ்பீடு ஸ்டிக் வாங்குங்கறார். மூணாவது ஆள் ரேமைத் தொடாதே, கார்டை மாத்துங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

கணக்கன்

மூவரில் யாரையும் இப்போதே கேட்க வேண்டாம். முதலில் உங்கள் கணினியைக் கேளுங்கள். ஊருக்குள் நுழைந்து திக்கும் அந்த நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். இன் யூஸ் எவ்வளவு, கமிட்டெட் என்று சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன எண், ஸ்பீடு எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் ஸ்டிக் இருக்கிறது என்று எழுதுங்கள். அதே நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதும் வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டால் திரையிலேயே தெரியும்.

சும்மா_வந்தேன்

ப்ரோ காசு செலவே வேணாம். ரேம் க்ளீனர் ஒண்ணு போடுங்க, பட்டனைத் தட்டினா 3 ஜிபி காலியாகும். அப்புறம் பேஜ் ஃபைலை (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்குல பயன்படுத்தற கோப்பு) ஆஃப் பண்ணிடுங்க. டிஸ்குக்கே போகாது, எல்லாம் ரேம்லயே ஓடும். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

திருப்புளி

@சும்மா_வந்தேன் தல, இணையத்துல ரேமை டவுன்லோடு பண்ற தளம் ஒண்ணு விளையாட்டுக்குச் செஞ்சு வெச்சிருப்பாங்க, அதையும் சேத்துச் சொல்லிடுங்க 😄

கணக்கன்

சிரித்தாலும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆலோசனையும் கெடுதல் செய்யும்.

க்ளீனர் ரேமில் இருப்பதை மந்திரமாக மறைய வைப்பதில்லை. ஓடும் நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகிறது; விண்டோஸ் முன்யோசனையாக வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை கேஷையும் துடைக்கிறது. அடுத்த நொடியே கேமுக்கு அதே தரவு வேண்டும், மறுபடி டிஸ்கிலிருந்து வர வேண்டும். காலி என்று எண் காட்டும், திக்கல் கூடும். ஸ்டாண்ட்பை கேஷ் எப்படியும் காலி இடத்துக்குச் சமம்தான். யாராவது இடம் கேட்டால் விண்டோஸ் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

பேஜ் ஃபைல் கதை வேறு. விண்டோஸ் நிரல்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூடிய மொத்த நினைவகம் என்பது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் அந்த எல்லை ரேம் அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லையைத் தொட்டதும் கேம் திக்காது, நேராக மூடிக்கொள்ளும்.

பிக்சல்பையன்

பாத்துட்டேன்.

இன் யூஸ் 7.4, மொத்தம் 7.9. கமிட்டெட் 14.6/15.9. ஸ்பீடு 2400. ஸ்லாட் 4ல 1. கிராபிக்ஸ் கார்டு காட்டுல 98%, ஊருக்குள்ள 40க்கும் 95க்கும் நடுவுல ஊஞ்சலாடுது. பின்னாடி பிரவுசரும் வாய்ஸ் சாட்டும் ஓடுது.

ஒரு சந்தேகம். ஸ்டிக் மேல 3200னு ஸ்டிக்கர் இருக்கு. ஆனா இங்க 2400னு காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

திருப்புளி

ஏமாத்தலை. எக்ஸ்எம்பி, அதாவது ரேமை ஸ்டிக்கர் வேகத்துல ஓட்டற ப்ரொஃபைல், ஆஃப்ல கிடக்கு, அவ்வளவுதான். ஸ்டிக்கருல இருக்கற வேகத்துக்கு ரேம் தானா போகாது. ஜேடெக் அமைப்பு வகுத்த அடிப்படை வேகத்துலதான் முதல்ல எழும், உங்க ஸ்டிக்குக்கு அது 2400. பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) போயி ப்ரொஃபைலை ஆன் பண்ணணும். இன்டெல் வெச்ச பேர் எக்ஸ்எம்பி. சில ஏஎம்டி போர்டுல டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பினு இருக்கும். டிடிஆர்5 வந்தப்புறம் ஏஎம்டி 2022ல எக்ஸ்போனு தனியா ஒண்ணு கொண்டுவந்துச்சு. வருஷக்கணக்கா இது ஆஃப்ல கிடக்கற பெட்டிங்க எத்தனையோ என் கைக்கு வந்திருக்கு.

இன்னொண்ணு, சிபியு-இஸட்ல பாத்தா 3200 ரேமுக்கு 1600னு காட்டும். அதுக்கும் பயப்படாதீங்க. ஒரு கடிகாரத் துடிப்புக்கு ரெண்டு தடவை தரவு போகுது, டபுள் டேட்டா ரேட்னு பேரே அதான்.

கணக்கன்

இப்போது பேசலாம். ரேம் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், உள்ளே மூன்று தனித்தனிக் குறைகள் இருக்கலாம்: அளவு போதாமை, ஒற்றைச் சேனல் (சிபியுவுக்கும் ரேமுக்கும் நடுவே ஒரே பாதை), வேகக் குறைவு. உங்களுக்கு மூன்றுமே இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே அளவு வலி தருவதில்லை.

உறைதல் அளவுப் பிரச்சினை. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்கச் சிபியுவுக்கு ஆவது நூறு நானோ செகண்டுக்குள். எஸ்எஸ்டி என்றால் பத்துக் கணக்கில், சில சமயம் நூறு மைக்ரோ செகண்டுக்கு மேல். அதாவது ஆயிரம் மடங்கு தாமதம். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் ஏறத்தாழ 10 மில்லி செகண்ட். ஒரே ஒரு தேடலில் ஃபிரேமில் பாதிக்கு மேல் போய்விடும். ஊருக்குள் நுழையும்போது புதுக் கட்டடம், புது மனிதர்கள், புது ஒலி எல்லாம் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன. 7.9ல் 7.4 நிரம்பியிருக்கையில் பழையதை டிஸ்குக்குத் தள்ளித்தான் புதியதை ஏற்ற முடியும். அந்தக் காத்திருப்பில் கார்டுக்கு வேலை வருவதில்லை, அதனால்தான் 40%க்கு விழுகிறது. ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்டு ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்கிலிருந்து எடுக்கும் தடவைகள்) வரைபடம் அந்த நொடியில் எகிறுகிறதா பாருங்கள்.

காட்டில் கார்டு 98%. அங்கே ரேம் எவ்வளவு சேர்த்தாலும் 70 என்பது 140 ஆகாது. நண்பரின் "ரெண்டு மடங்கு" அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஸ்பீடு_முக்கியம்

அளவு அளவுன்னு எல்லாரும் பேசறீங்க. ரைசன்ல வேகம்தான் உயிர். ரேம் 2400ல ஓடினா இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் 1200 மெகாஹெர்ட்ஸ்லதான் ஓடும். 3600 போட்டா 1800. சிபியுவுக்கு உள்ளேயே பேச்சு வேகமாகுது. 3600க்குக் கீழ எதுவும் வாங்காதீங்க, 4000 கிடைச்சா இன்னும் நல்லது.

கணக்கன்

ஃபேப்ரிக் பற்றிச் சொன்னது சரி. 4000 சரியில்லை. ரைசன் 5000 வரிசையில் ஃபேப்ரிக் ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடுவது பெரும்பாலான சிப்புகளில் 3600, நல்ல சிப்பாக இருந்தால் 3800 வரை. அதைத் தாண்டினால் விகிதம் பாதியாகி லேட்டன்சி, அதாவது தரவுக்கான காத்திருப்பு, கூடும். வேகமான ரேம் வாங்கி மெதுவாக ஓட்டுவதாக முடியும்.

3200க்கும் 3600க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்காகவே போடுவோம். சிஎல் எண்ணை (தரவு கேட்டபின் காத்திருக்க வேண்டிய கடிகாரத் துடிப்புகள்) 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்ட் வரும்.

3200 சிஎல்16: 10
3600 சிஎல்18: 10
3200 சிஎல்22: 13.75
2400 சிஎல்17: 14.2
டிடிஆர்5 6000 சிஎல்30: 10
டிடிஆர்5 6000 சிஎல்36: 12

முதல் இரண்டுக்கும் லேட்டன்சி ஒன்றே. விநாடிக்குப் போகும் தரவின் அளவில் மட்டும் சிறிது வித்தியாசம். ஆனால் 3200 சிஎல்16க்கும் 3200 சிஎல்22க்கும் இடைவெளி பெரிது, பெட்டி மேல் இரண்டுக்கும் 3200 என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

ஸ்பீடு_முக்கியம்

சரி, 4000ஐ விட்டுடறேன். ஆனா 1% லோ (ரொம்ப மெதுவான 1% ஃபிரேம்களோட எஃப்பிஎஸ்) கணக்குல வேகம் தெரியும், நான் சொன்னது அதைத்தான். போட்டி கேம்ல குறைஞ்ச செட்டிங்ஸ் வெச்சு 200 எஃப்பிஎஸ் மேல ஓட்டறவங்களைக் கேட்டுப் பாருங்க. அங்க கார்டு சும்மா இருக்கும், சிபியுவும் ரேமும்தான் மூச்சு வாங்கும்.

கணக்கன்

அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. போட்டி கேம், உயர் ரெஃப்ரெஷ் மானிட்டர், நல்ல கார்டு என்று இருந்தால் வேகத்துக்கும் டைமிங்குக்கும் செலவழிக்கலாம். 1660 சூப்பரில் அழகான செட்டிங்ஸ் வைத்து விளையாடுபவருக்கு அந்தக் காசு வீண். விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன்: 5800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி எல்3 கேஷ் உள்ள சிப்புகள் ரேமுக்கு ஓடும் தடவையே குறைவு, அவற்றில் ரேம் வேகத்தின் பலன் இன்னும் சுருங்கும்.

திருப்புளி

டூயல் சேனலைப் பத்தி யாரும் விரிவாப் பேசலை. ரோடு, லேன்னு உதாரணம் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போச்சு, நேரா எண்ணையே தர்றேன். ஒரு சேனல் 64 பிட், அதாவது 8 பைட். 2400 × 8 = விநாடிக்கு 19.2 ஜிபி. பையன் இப்ப இருக்கற இடம் அது. எக்ஸ்எம்பி ஆன் பண்ணினா 25.6. ரெண்டு ஸ்டிக் போட்டு ரெண்டு சேனலும் ஓடினா 51.2. 3600 தனி ஸ்டிக் வாங்கினாலும் 28.8 தான். ஒத்தை ஸ்டிக்குல எந்த வேகம் வாங்கினாலும் ஜோடியைப் பிடிக்க முடியாது.

அதனால என் வழி: பழசை வித்துட்டு 8 ஜிபி ரெண்டோ 16 ஜிபி ரெண்டோ ஒரே பெட்டில வர்ற கிட். 3200 சிஎல்16 போதும்.

பிக்சல்பையன்

பழசோட இன்னொரு 8 சேத்தா ஆகாதா? அதே கம்பெனி, அதே 3200தான் கிடைக்குது.

திருப்புளி

பெரும்பாலும் ஓடும். ஓடாமலும் போகலாம். அதே கம்பெனி அதே மாடல்னாலும் உள்ள இருக்கற சிப்பு வேற வருஷத்துல வேறயா இருக்கும். ஸ்டிக்கரைக் கூர்ந்து பாருங்க, 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8, 1ஆர்எக்ஸ்16னு பொடி எழுத்துல ஏதோ ஒண்ணு இருக்கும். அந்தக் கடைசி வகை இருக்கே, சிப்பு எண்ணிக்கை பாதி, பேங்க் குரூப்பும் பாதி. கேம்ல கொஞ்சம் பின்தங்கும். மலிவான 8 ஜிபி ஸ்டிக்குகள்ல அடிக்கடி மாட்டும்.

கலந்து போட்டா எது மெதுவோ அதோட வேகத்துக்கு ரெண்டும் இறங்கும். எக்ஸ்எம்பி ஒத்துக்கலைன்னா கையால டைமிங் போட உக்காரணும். பொறுமை இருந்தா செய்யுங்க. திருப்பிக் கொடுக்க வழி இருக்கற இடத்துல வாங்குங்க.

கணக்கன்

16ஆ 32ஆ என்பதற்கு: ஸ்டார்ஃபீல்டு 2023ல் வந்தபோதே குறைந்தபட்சத் தேவையில் 16 ஜிபி ரேம் போட்டிருந்தது. சைபர்பங்க் 2077 அதே வருடம் 2.0 அப்டேட்டோடு குறைந்தபட்சத்தை 12 ஆகவும் பரிந்துரையை 16 ஆகவும் உயர்த்தியது. உங்கள் கமிட்டெட் 14.6, அதில் எல்லாமே ஒரே நேரத்தில் ரேமில் இருக்க வேண்டியதில்லை, ஆனாலும் 16 உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இறுக்கமாக இருக்கும். பிரவுசரை மூடிவிட்டு விளையாடும் பழக்கம் இருந்தால் 16 போதும். இல்லையென்றால் 16 ஜிபி இரண்டு. அதற்கு மேல் கேமுக்காக என்று வாங்காதீர்கள்.

மடிக்கணினி_மங்கை

இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட லேப்டாப், ரைசன் 5 5500யு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 8 ஜிபி போர்டோட ஒட்டினது, ஒரு ஸ்லாட் காலி. டாஸ்க் மேனேஜர்ல 8ல 2 ஜிபி ஹார்டுவேர் ரிசர்வ்டுனு போயிடுது. எனக்கும் பலன் இருக்குமா?

திருப்புளி

இந்த இழைல அதிகப் பலன் உங்களுக்குத்தான் சகோ! உங்க கிராபிக்ஸுக்குத் தனி மெமரியே இல்லை, இருக்கற ரேமைத்தான் சிபியுவோட பங்கு போட்டுத் திங்குது. அந்த 2 ஜிபி போன இடமும் அதான். தனி கார்டு வெச்சவங்களுக்கு டூயல் சேனல் பெரும்பாலும் 1% லோவுலதான் தெரியும். உங்களுக்குச் சராசரி எஃப்பிஎஸே கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏறும். காலி ஸ்லாட்ல 8 ஜிபி டிடிஆர்4 3200 லேப்டாப் ஸ்டிக் போடுங்க. 16 போட்டாலும் தப்பில்லை, பெரும்பாலான லேப்டாப்ல 8+8 ரெண்டு சேனலாவும் மிச்சம் 8 ஒத்தைச் சேனலாவும் ஓடும்.

லேப்டாப்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ற வசதி பொதுவா கிடையாது. அதனால 3200 சிஎல்22 ஜேடெக் ஸ்டிக்கே வாங்குங்க, எக்ஸ்எம்பில மட்டும் 3200 ஓடற ஸ்டிக் வாங்கினா கீழ இறங்கிடும். டிடிஆர்5 லேப்டாப் ஸ்டிக்கை மாத்தி வாங்கிடாதீங்க, அதுக்கு 262 பின், உங்களுக்கு வேண்டியது 260. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டறது. ஸ்டிக்கைச் சாய்வா உள்ள விட்டு, அப்புறம் கீழ அமுக்கணும்.

புதுப்பெட்டி

நான் ரைசன் 7000ல டிடிஆர்5 16 ஜிபி ஸ்டிக் நாலு போட்டேன். ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, திரை கறுப்பாவே நிக்குது. ரேம் செத்துடுச்சா?

திருப்புளி

பவரைப் பிடுங்காம காத்திருங்க. டிடிஆர்5ல முதல் தடவை போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கோடயும் டைமிங் பழகும், மெமரி டிரெய்னிங்னு பேர். பல நிமிஷம் கறுப்புத் திரைதான். நடுவுல ஆஃப் பண்ணினா மறுபடி முதல்ல இருந்து.

ஆனா நாலு ஸ்டிக் ஏன் போட்டீங்க? ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்ற அதிகாரபூர்வ வேகமே ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு போட்டா 3600. எக்ஸ்போ ஆன் பண்ணி 6000 ஓட்டணும்னா ரெண்டு ஸ்டிக்தான் சுகம். 64 வேணும்னா 32 ரெண்டு.

புதுப்பெட்டி

திரை வந்துடுச்சு! 3600னுதான் காட்டுது. ரெண்டைக் கழட்டி வெச்சுடறேன், 32 எனக்குப் போதும்.

கட்டம்_கட்டி

மைன்கிராஃப்ட்டுல மோட் நிறையப் போட்டு ஆடறேன். ரேம் 32 ஆக்கினதும் ஜாவாவுக்கு 24 ஜிபி ஒதுக்கினேன், முன்னாடியை விட மோசமா நின்னு நின்னு ஓடுது. இது என்ன நியாயம்?

கணக்கன்

ஜாவா பயன்படுத்தி முடித்த பொருட்களை உடனே கூட்டித் தள்ளாது, சேர்த்து வைத்து அவ்வப்போது துப்புரவு செய்யும். பெரிய இடம் கொடுத்தால் குப்பை பெரிதாகச் சேரும், துப்புரவுக்கு நிற்கும் நேரமும் நீளும். 6 அல்லது 8 ஜிபிக்கு இறக்கிப் பாருங்கள். மிகப் பெரிய மோட் தொகுப்புக்கு மட்டும் இன்னும் கொஞ்சம்.

பிக்சல்பையன்

வாங்கியாச்சு. 16 ஜிபி ரெண்டு, 3200 சிஎல்16 கிட். எந்த ஸ்லாட்ல போடணும்?

திருப்புளி

சிபியுல இருந்து எண்ணினா ரெண்டாவதும் நாலாவதும். போர்டுல ஏ2, பி2னு அச்சடிச்சிருக்கும். பக்கத்துப் பக்கத்துல முதல் ரெண்டு ஸ்லாட்ல செருகினா ரெண்டும் ஒரே சேனல்ல விழும், கிட் வாங்கின காசு தண்டம். மானுவலை ஒரு தடவை பாத்துடுங்க.

பவர் சப்ளை சுவிட்சை அணைச்சு, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி விடுங்க. கேபினட்டோட இரும்புப் பாகத்தைத் தொட்டுட்டு ஸ்டிக்கை எடுங்க. காடி ஒரு பக்கம்தான் பொருந்தும். டிடிஆர்4ம் டிடிஆர்5ம் ரெண்டும் 288 பின்னுதான், ஆனா காடி இடம் வேற, மாத்திப் போகவே போகாது, போகலைன்னா அழுத்தாதீங்க. சரியாப் பொருந்தினா 'டக்'னு சத்தம் வரும். பயப்படற அளவுக்குக் கொஞ்சம் பலமாத்தான் அமுக்கணும்.

பிக்சல்பையன்

போட்டாச்சு, எக்ஸ்எம்பியும் ஆன். டாஸ்க் மேனேஜர்ல 3200, சிபியு-இஸட்ல டூயல். ஊருக்குள்ள உறையறது சுத்தமா நின்னுடுச்சு. பிரவுசர் திறந்தே இருக்கு, இன் யூஸ் 12 ஜிபி பக்கம் போகுது. காட்டுல அதே 70தான், கணக்கன் சொன்ன மாதிரியே. ஊருக்குள்ள 1% லோ 24ல இருந்து 51.

ஆனா நேத்து ஒரு தடவை கேம் எந்த எரர் மெசேஜும் இல்லாம டெஸ்க்டாப்புக்கு வந்துடுச்சு. முன்னாடி இப்படி ஆனதில்லை.

கணக்கன்

கேமைக் குறை சொல்வதற்கு முன் ரேமைச் சோதியுங்கள். எக்ஸ்எம்பி என்பதும் ஒருவகை ஓவர்கிளாக்தான்; ஸ்டிக் ஒத்துக்கொண்டாலும் சிபியுவின் மெமரி கன்ட்ரோலரோ போர்டோ முரண்டு பிடிக்கலாம். மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி, எக்ஸ்எம்பி ஆனில் இருக்கும்போதே இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான், "ஒண்ணே ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. நினைவகப் பிழை கேமை மட்டும் கெடுக்காது, டிஸ்கில் எழுதப்படும் கோப்பையும் சத்தமில்லாமல் கெடுக்கும்.

பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் வந்தால் ஸ்டிக் கோளாறு, வாரண்டியில் கிட்டை மாற்றுங்கள். வராவிட்டால் பயாஸ் அப்டேட். அதற்கும் மசியவில்லை என்றால் 3000க்கு இறக்கி ஓட்டுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

திருப்புளி

பயாஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா ரிகவரி கீயை எழுதி வெச்சுக்கிட்டுத் தொடங்குங்க. அப்டேட் முடிஞ்சதும் எக்ஸ்எம்பி மறுபடி ஆஃப் ஆயிருக்கும், திரும்ப ஆன் பண்ணணும்.

பிக்சல்பையன்

மெம்டெஸ்ட்ல எக்ஸ்எம்பியோட ரெண்டு பிழை, இல்லாம சுத்தம். பயாஸ் ரொம்பப் பழசு, 5600க்கு ஆதரவு வந்த முதல் பதிப்புலயே நின்னிருக்கு. புதுசு ஏத்திட்டு எக்ஸ்எம்பியோட திரும்ப ஓட்டினேன், பிழை இல்லை. கேமும் மூடலை.

கடைசியா ஒண்ணு. டெக்ஸ்சரை அல்ட்ரா வெச்சா திரும்பவும் லேசாத் திக்குது. ரேம் பாதிக்கு மேல காலியாத்தானே இருக்கு?

கணக்கன்

அது வேறு மெமரி. ஆஃப்டர்பர்னரில் விரேம் (கார்டிலேயே இருக்கும் மெமரி) பயன்பாட்டைப் பாருங்கள், 6 ஜிபியை முட்டிக்கொண்டு நிற்கும். கார்டு தன் சொந்த மெமரியை விநாடிக்கு 336 ஜிபி வேகத்தில் படிக்கிறது. அது நிரம்பி வழிந்தால் மிச்சத்தை உங்கள் ரேமில் வைத்து பிசிஐஇ 3.0 வழியாக இழுக்க வேண்டும், அங்கே அதிகபட்சம் விநாடிக்கு 16 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ரேமில் எவ்வளவு காலி இருந்தாலும் அந்த வழி அகலாது. டெக்ஸ்சரை ஹைக்கு இறக்குங்கள். 1080பியில் வித்தியாசம் கண்டுபிடிக்க நின்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மடிக்கணினி_மங்கை

8 ஜிபி ஸ்டிக் போட்டுட்டேன். முன்னாடி 720பில லோ செட்டிங்ஸ்ல இழுத்துக்கிட்டிருந்த கேம் இப்ப மீடியத்துல ஓடுது. ஹார்டுவேர் ரிசர்வ்டு இன்னும் 2 ஜிபிதான் காட்டுது, அதைப் பயாஸ்ல கூட்டலாமா?

திருப்புளி

உங்க பயாஸ்ல அந்த ஆப்ஷன் இருந்தா கூட்டலாம், யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்னு இருக்கும். ஆனா அவசியமில்லை. 2 ஜிபி பத்தலைன்னா விண்டோஸ் மிச்ச ரேம்ல இருந்து தேவைக்கு எடுத்துக் கொடுத்துடும், எல்லாம் ஒரே ரேம்தானே. விரேம் பத்தாதுன்னு திறக்கவே மறுக்கற கேம் ஏதாவது இருந்தா மட்டும் 4 ஆக்குங்க.